மணலைக் கட்டும் அடம்பு

மாணவர்களே, கடற்கரை மணல்மேட்டில் ஊதாநிறப் பூக்களுடன் படரும் கொடியைக் கண்டிருப்பீர்கள். ஆட்டுக் குளம்பு போன்ற இலையுடைய அடம்பு அது, பல்லாண்டுத் தாவரம். சங்கப் புலவர்கள் ‘அடும்பு’ என்றனர்.

காற்று நகர்த்தும் மணலின் அளவு, ஏறத்தாழ அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் பாதியானால் மணல் எட்டில் ஒரு பங்காகும். அடம்பின் இலைகள் தரையையொட்டி வீசும் காற்றைத் தடுக்கின்றன. மணல் அங்கேயே தங்குகிறது. கொடி புதைந்துபோகாதா? போகாது. கணுதோறும் வேர்விட்டு, மணலுக்கு மேலே வளர்ந்து, மேட்டைப் பிணைக்கிறது.

புயல் அலைகளுக்கு இம்மேடே இயற்கை அரண். கொடியைப் பிடுங்கினால் அரண் கரையும்.

அடுத்தமுறை சென்றால், இலைகளுக்கிடையிலும் வெற்று மணல்மீதும் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எங்கே குறைவாகப் படபடக்கிறது?