எம்.எல்.ஏ. அலுவலகம் போகுமுன்

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம்தான். அங்கே மனு கொடுத்த ரசீது கையில் இருந்தால், எம்.எல்.ஏ. அலுவலகத்தில் உங்கள் பேச்சு எடுபடும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைப்பார், மாவட்டங்களில் ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், நிழற்குடை போன்ற பொதுச் சொத்துக்கு மட்டுமே அது செலவாகும். தனிப்பட்ட உதவிக்குக் கேட்டுப் பயனில்லை. எனவே மனுவில் “எங்கள் பகுதிக்கு வசதி வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தெரு, எந்த இடம், சர்வே எண் என்ன, நிலம் புறம்போக்கா பட்டாவா என்பதெல்லாம் இருக்கட்டும். நிலம் யாருடையது என்று தெரியாவிட்டால், நல்ல கோரிக்கையும் கிடப்பில் போய்விடும். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராமத்தினருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டு, அதன் நகலை மனுவோடு இணையுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களே, ஆதாரில் முகவரி மாற்றச் சான்று இல்லையா? ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில் எம்.எல்.ஏ. கையொப்பமிட்டுத் தரலாம். ஒட்டிய புகைப்படத்தின் மேலும் கையொப்பமும் முத்திரையும் விழ வேண்டும். 3 மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.