தூக்கம் தொலைத்த மேய்ப்பன்

வேதபாடம்: ஆதியாகமம் 31:38-40, எசேக்கியேல் 34, மாற்கு 10:42-45



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில், மணிலா எடுத்த கொல்லைகளில் ஆட்டுக்கிடை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் மேய்ப்பதுகூடப் பரவாயில்லை. ராத்திரிதான் பாடு. நாய் வரும், மழை வரும், திருடனும் வருவான். ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்துவிடும். மேய்க்கிறவன் படுத்தாலும் அவன் காது தூங்காது.

யாக்கோபு லாபானிடம் கணக்குத் தீர்க்கும்போது இதைத்தான் சொன்னான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் தன்னை வாட்டியதையும், கண்ணுக்குத் தூக்கமே இல்லாமல் போனதையும் எடுத்துச் சொன்னான். மிருகம் பீறிப்போட்ட ஆட்டின் நஷ்டத்தையும் தானே ஏற்றுக்கொண்டான். இருபது வருஷ வேலைக்கு அவன் காட்டின சான்றிதழ் தூக்கமில்லாத கண்கள்தான். பெத்லகேம் மேய்ப்பர்களும் இராக்காவலில் இருந்தபோதுதான் தேவதூதனைக் கண்டார்கள்.

‘ஊழியக்காரர்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசியுங்கள். மாற்கு 10-ல் முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் வேலைக்காரனாக இருக்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில் நம் தமிழ் வேதாகமம் இந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கிறது. வேலையாள் என்று அர்த்தம். நாமோ அதைப் பட்டமாக்கி, நோட்டீசில் பெரிய எழுத்தில் அச்சடித்து, மேடையில் அதற்கென்று தனி நாற்காலியும் போட்டுவிட்டோம்! ‘பாஸ்டர்’ என்ற சொல்லும் அப்படித்தான். லத்தீன் பாஷையில் ஆடு மேய்க்கிறவன் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை.

நம்முடைய திண்டிவனத்திலேயே ஒரு பெண்பிள்ளை தூக்கம் தொலைத்த சம்பவம் உண்டு. அமெரிக்கன் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் இங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர் மகள் ஐடா அமெரிக்காவில் படித்தாள். தாயார் சுகவீனமானபடியால் 1890-ல் திண்டிவனம் வந்தாள். ‘நான் மிஷனெரியாக மாட்டேன், திரும்பிப் போய்விடுவேன்’ என்பதே அவள் தீர்மானம். பஞ்சமும் வியாதியும் அவளுக்குச் சின்ன வயதிலேயே போதும் போதும் என்றாகியிருந்தது.

ஒரு ராத்திரி ஒரு பிராமண வாலிபர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து உதவ வேண்டும் என்றார். “எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார்” என்றாள் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு இஸ்லாமியர் வந்தார், அதன்பின் இன்னொரு இந்து வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். காலையில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

கவனியுங்கள், அந்த இரவில் ஐடா ஒன்றுமே செய்யவில்லை, செய்யவும் தெரியாது. வந்தவர்கள் அவள் சபையாரும் அல்ல. ‘இந்தத் தொழுவத்தைச் சேராத ஆடுகளும் உண்டு’ என்று யோவான் 10-ல் ஆண்டவர் சொன்னாரே, அப்படிப்பட்டவர்கள். “நான் என்ன பண்ண முடியும், அவங்க வழக்கம் அப்படி” என்று சொல்லி அவள் கப்பல் ஏறியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவளோ பெற்றோரிடம் போய், தான் டாக்டருக்குப் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1900-ல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. பணிவிடை பெற அல்ல, பணிவிடை செய்யவே வந்தேன் என்று மாற்கு 10:45-ல் ஆண்டவர் சொன்னதே அதன் இலட்சிய வாக்கியம். நம்ம பக்கத்து ஜனங்கள் இன்றும் “வேலூருக்குக் கொண்டுபோகணும்” என்று சொல்கிறார்களே, அதன் ஆரம்பம் திண்டிவனத்தில் ஒரு கதவு தட்டப்பட்ட இரவு.

இதை எழுதுகிற நான் யோக்கியன் அல்ல. ஒரு மார்கழி ராத்திரி எங்கள் சபைத் தாயார் ஒருவர் பேரப்பிள்ளைக்குக் கடுமையான ஜுரம் என்று வந்து நின்றார்கள். “காலையில வாங்கம்மா, ஜெபிக்கலாம்” என்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டுப் படுத்தேன். ஆண்டவர் நாமம் அறியாத பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை பிழைத்தது, கர்த்தருக்கே ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வழக்கம்போல “ஸ்தோத்திரம் ஐயா” என்று கைகூப்பினார்கள். எனக்குக் கை கூப்பக் கூசியது. யோவான் 10-ல் ஓநாயைக் கண்டு ஓடுகிற கூலியாள் வருகிறானே, நான் ஓடக்கூட இல்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அடுத்த உபவாச ஜெபத்துக்கு வரும்போது எசேக்கியேல் 34-ஐ முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள். தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைப் பற்றி வாசிக்கும்போது ‘இது நம்ம பாஸ்டருக்கு’ என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 17-ஆம் வசனத்திலிருந்து கர்த்தர் ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். நல்ல புல்லைத் தின்றபின் மீதியை மிதித்துப்போட்டு, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கலக்கி, இளைத்ததைத் தோளால் இடித்துத் தள்ளுகிற கொழுத்த ஆடுகளையும் அவர் விசாரிக்கிறார். அந்த ஆறு வசனங்களை வரும் கூட்டத்தில் சேர்ந்து தியானிப்போம்.