இஸ்தோப்பிலேயே எடுக்கலாம் ஸ்டூடியோ படம்

சடங்கு, பரிசளிப்பு, கல்யாணப் பேச்சு என்று படம் எடுக்க ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறுமுன் வீட்டு வாசலை ஒருமுறை பாருங்கள்.

1. முதலில் பல்பை அணையுங்கள். மஞ்சள் பல்பும் வெளி வெளிச்சமும் கலந்தால் கன்னம் இரண்டும் இரண்டு நிறமாகும். போன் ஃபிளாஷும் வேண்டாம், நெற்றி மின்னும்.

2. கதவிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஆளை உட்கார வையுங்கள். வாசலை நேராகப் பார்த்தால் முகம் தட்டையாகும். ஒரேயடியாகத் திரும்பினால் பாதி முகம் இருட்டு. மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழும்போது நிறுத்துங்கள்.
பக்க வெளிச்சத்தில் முகங்களை எடுத்துப் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் நம் பக்கத்தில்தான் அடங்கியிருக்கிறார். இங்கிலாந்தில் கண்ணாடி போட்ட கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கிக்கொண்ட அந்த அம்மா, 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் திக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில். அவருக்குக் கோழிக்கூடு போதுமென்றால் நமக்குக் காம்பரா தாராளம்.

3. நிழல் அதிகம் என்றால் அந்தப் பக்கம் ரிஜிபோம் அட்டையோ வெள்ளைத் துணியோ பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டக் கொண்டுபோனால் நிழல் குறையும், தள்ளிப் பிடித்தால் கூடும்.

4. பனிமூட்ட நாளை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் மெத்தென்று இருக்கும். ஆனால் வெட்டவெளியில் அது உச்சியிலிருந்து இறங்கி கண்ணைக் குழியாக்கும். இஸ்தோப்புத் தகரத்தின் கீழ் ஒதுங்கி வெளியே பார்த்து நிற்கட்டும்.

5. பச்சைச் சுவரில் சாய்ந்தால் கன்னமும் பச்சை. நாலடி தள்ளி நில்லுங்கள்.

6. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் காத்திருப்பதுபோல் விறைத்து நிற்க வேண்டாம். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, பாரத்தைப் பின்காலில் போட்டு, முகத்தை மட்டும் கெமராப் பக்கம் கொண்டு வாருங்கள். தாடையைச் சற்று முன்னே நீட்டி இறக்கினால் கழுத்து மடிப்பு தெரியாது. செய்யும்போது கோமாளித்தனமாகத்தான் இருக்கும். படத்தில் யாருக்கும் தெரியாது.

7. அப்பாயிக்குக் கொழுந்தெடுத்த கையை மறைக்கச் சொல்லாதீர்கள். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, தளர்வாக இருக்கட்டும். முகத்துக்குச் சமமாகப் பேசுவது அந்தக் கைதான். மூக்குக்கண்ணாடி மின்னினால் அதன் காம்புகளைக் காதிலிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். ஒளி கீழ்நோக்கித் தெறிக்கும்.

8. போன் லென்சைத் துடையுங்கள், ஈரக்காற்றில் அது எப்போதும் மங்கியிருக்கும். ஐந்தாறு அடி தள்ளி, உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள். கிட்டப் போனால் மூக்குப் பெருக்கும். வெள்ளைச் சேலை கட்டியிருந்தால் போன் தானாகவே படத்தை இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

9. அடையாள அட்டை, பாஸ்போர்ட் படங்களுக்கு இந்தக் கைவேலை ஆகாது. அனுமதி பெற்ற ஸ்டூடியோவுக்கே போங்கள். அங்கே நிழலே விழக் கூடாது.