பள்ளுருத்தி வரை வண்டியை விடுகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்தும் தேனியிலிருந்தும் காரும் பைக்குமாக ‘வித்தியாசமான இடம்’ தேடி வருகிற பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கம் அதிகம். மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தெரு, கோட்டைக்கொச்சியின் சீனவலை. இவ்வளவோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்றுத் தெற்கே பள்ளுருத்திக்கும் அதைத் தாண்டியும் வர நினைப்பவர்கள், இந்தக் கிழவன் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

1. மேப்பைத் திறப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் காக்கர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். 1953-ல் ஒருவர் சுற்ற ஆரம்பித்த கயிற்று உருண்டையைப் பார்க்கவே ஜனங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அங்கேயும் ஆகஸ்டில் போனால்தான் ஊர் கூடிக் கயிறு சுற்றுவதைப் பார்க்கலாம். மற்ற நாளில் வெறும் உருண்டைதான்.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு நாள் உண்டு: புலவாணிபம். தனு மாதத்தின், அதாவது நம் மார்கழியின், கடைசி வியாழக்கிழமை. ஜனவரி இரண்டாம் வார வாக்கில் வரும். கோயில் பக்கமே வரக்கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த புலையர் மக்கள், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அழகியகாவு பகவதியைத் தொழ வரலாம் என்றிருந்த காலத்தின் மிச்சம் இது. திருவிதாங்கூரில் 1936-லேயே கோயில் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது. எங்கள் கொச்சி ராஜ்யத்தில் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு நாளில் தொழ வந்தவர்கள் தாங்கள் முடைந்ததையும் விளைவித்ததையும் கொண்டுவந்து விற்றார்கள், சந்தை உண்டானது. தடை போய்விட்டது, சந்தை நிற்கவில்லை. ‘பாரம்பரியத் திருவிழா’ என்று ஒரு வரி எழுதிப் போட்டோ போடுகிறவர்கள், எதன் பாரம்பரியம் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதட்டும்.

2. புலவாணிபச் சந்தையில் வாங்கவும் தெரிய வேண்டும். தாழம்பாயை விரித்துப் புறங்கையால் தடவிப் பாருங்கள். முள் சரியாகச் சீவாத ஓலை கீறிக் காட்டிவிடும். மண்சட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் எடுங்கள், மொத்தென்றால் எங்கோ விரிசல். வீட்டுக்குப் போனதும் கஞ்சித்தண்ணீர் ஊற்றி நாலைந்து நாள் பழக்காமல் மீன்குழம்பை ஏற்றாதீர்கள். கருவாட்டைக் காருக்குள் வைத்து ஊர் திரும்புவது உங்கள் குடும்ப விவகாரம், நான் தலையிடவில்லை.

3. கோட்டைக்கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் தோபிகானா என்கிற சலவைக்கூடம் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பட்டாளத்து உடுப்பு வெளுக்க டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று அங்குள்ள வண்ணார்களைச் சொல்வார்கள். இப்போதுள்ள இடம் 1976-ல் ஏற்பட்டது. தடுப்புத் தடுப்பாகத் துவைகல், தொட்டி. வெளியே வரிசையாகக் கொடிகள். கொடியைக் கவனியுங்கள்: இரண்டு கயிறு முறுக்கிக் கட்டியிருக்கும், துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிடுவார்கள். கிளிப் கிடையாது, காற்றுக்கும் பறக்காது. தமிழில் பேசுங்கள், தமிழிலேயே பதில் வரும். ஆனால் துவைத்துக்கொண்டிருப்பவரை நிறுத்தி ‘இன்னொரு தடவை அடிங்கண்ணே’ என்று செல்போனை நீட்டாதீர்கள். அவருக்கு அது கூலி வேலை. பெட்டி போடும் இடத்தில் நாலு சட்டையைக் கொடுத்து, வாங்கும்வரை உட்கார்ந்திருங்கள். பேச்சு தானாக வரும்.

4. மட்டாஞ்சேரி குஜராத்தித் தெருவில் 1904-ல் கட்டிய சமணக் கோயில். நண்பகலில் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். பத்து மணிக்குப் போய் ‘ஒன்றுமில்லை’ என்று வரக்கூடாது.

5. கவரு என்கிற நீர் ஒளிர்வைப் பார்க்க வேண்டும் என்றால் கோடையில் வாருங்கள். ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் 2019-ல் வந்த பிறகு எல்லோரும் கேட்பது இதைத்தான். பள்ளுருத்தியிலிருந்து பெரும்படப்பு வழியாகப் பாலம் தாண்டினால் கும்பளங்கி. மழையில்லாத மாதங்களில் காயல் தண்ணீரில் உப்பு ஏறும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீர் கலங்கினால் நீலமாக ஒளிரும். நிலவில்லாத இரவாகப் பாருங்கள். பௌர்ணமிக்கு வந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வண்டி விளக்கை அணையுங்கள், டார்ச் வேண்டாம், சும்மா கையை விட்டு அளையுங்கள். கல்லெறிய வேண்டாம். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் யாரோ ஏலத்தில் எடுத்திருக்கும் ‘கெட்டு’, அதாவது இறால் வளர்க்கும் வயல். மழைக்காலத்தில் பொக்காளி நெல் விளைந்த அதே வயல்தான் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இறாலுக்கு. வரப்பில் பாட்டில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் அதில் இறங்குகிறவர் வெறுங்காலோடு இறங்குவார்.

6. கடல் ஓதம் ஏறும் நாட்களில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில், பெரும்படப்பு, இடக்கொச்சி, கும்பளங்கித் தாழ்விடங்களில் ரோட்டிலும் முற்றத்திலும் உப்புத்தண்ணீர் நிற்கும். அதில் வண்டி ஓட்டினால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வேகமாகவும் போகாதீர்கள், நீங்கள் கிளப்பும் அலை பக்கத்து வீட்டு நடைக்குள் ஏறும்.

7. செல்லானத்தில் நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி 7 கிலோமீட்டருக்கு மேல் கடல்சுவர் கட்டியிருக்கிறார்கள். மேலே நடைபாதையில் நடங்கள், சாயங்காலம் சுகமாக இருக்கும். கட்டைகள்மேல் ஏறிப் படமெடுக்க வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எடுப்பது கஷ்டம். மழைக்காலம்தோறும் கடல் வீட்டுக்குள் வந்த சனங்கள் போராடிப் பெற்ற சுவர் அது.

8. டீக்கடையில் ‘இங்கே என்ன பார்க்கலாம்’ என்று கேட்டால் கடற்கரையைக் காட்டிவிடுவார்கள். அர்ஜுனன் மாஸ்டரைப் பற்றிக் கேளுங்கள். மலையாள சினிமாவின் எம்.கே. அர்ஜுனன், சிறுவயதில் பழனியில் ஓர் ஆசிரமத்தில் வளர்ந்து அங்கேயே பாட்டுக் கற்றவர். 2020-ல் காலமாகும்வரை பள்ளுருத்திக்காரர். சிறுவனான ஏ.ஆர். ரஹ்மானைக் கீபோர்டு வாசிக்க வைத்தவர்களில் ஒருவர். பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் பாட ஆரம்பிப்பார். அவசரப்படாமல் இரண்டாவது டீ சொல்லுங்கள்.

9. தோப்பும்படி சந்திப்பைப் பள்ளிக்கூட நேரத்தில் கடக்காதீர்கள். வடக்கே செறாய் பக்கம் போகிறவர்கள் நகருக்குள் சுற்ற வேண்டாம். கோட்டைக்கொச்சியில் வண்டி ஏற்றும் படகில் வண்டியோடு ஏறினால் வைப்பினில் இறக்கிவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.