பொன்னிறக் குதிரையும் இரத்த வியர்வையும்

கேள்வி: துர்க்மெனிஸ்தானில் தங்கம்போல் மின்னும் ஒரு குதிரை இனம் உண்டாமே? அது இரத்தமாக வியர்க்கும் என்பதும் உண்மையா?

பதில்: அந்த இனத்தின் பெயர் அகால்-டெக்கே. காரகும் பாலைவனத்தின் தென் ஓரத்தில், கோபெத்தாக் மலையடிவாரத்தில் உள்ள அகால் பாலைச்சோலைகளில் டெக்கே என்ற துர்க்மென் குலத்தார் வளர்த்த குதிரை இது. தங்க நிறம் வேறு, மினுமினுப்பு வேறு. பழுப்பையும் செம்பழுப்பையும் வெளுக்கச் செய்யும் ஒரு மரபணுதான் தங்க நிறத்துக்குக் காரணம். அது வேறு பல இனங்களிலும் உண்டு. மினுமினுப்போ முடியின் அமைப்பிலிருந்து வருகிறது. முடியின் நடுவே ஒளி புகாத தண்டுப்பகுதி மிகவும் சிறுத்திருப்பதால், உள்ளே நுழையும் ஒளி வளைந்து திரும்பி உலோகத்தின் பளபளப்பைக் காட்டுகிறது. கறுப்பு அகால்-டெக்கேயும் வெயிலில் இப்படி மின்னும்.

இரத்த வியர்வையின் கதை சீனாவில் தொடங்குகிறது. மேற்கே சென்று கி.மு. 126-இல் திரும்பிய தூதர் சாங் சியான், ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் இரத்தம் வியர்க்கும் குதிரைகள் இருப்பதாகச் சொன்னார். அவற்றுக்காகப் பேரரசர் ஊ கி.மு. 104-இல் படை அனுப்பினார். முதல் படையெடுப்பு தோற்றது. இரண்டாவதில் வென்று, உயர்ந்த ரகத்தில் சில பத்துக் குதிரைகளையும் அடுத்த ரகத்தில் சுமார் 3,000 குதிரைகளையும் பெற்றார்கள். ஒரு குதிரைக்காக இவ்வளவு பெரிய போர் நடந்தது வியப்புக்குரியதுதான்.

அந்த இரத்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு புழுவே காரணம். பாராஃபிலேரியா என்ற அந்த நூற்புழு குதிரையின் தோலுக்கடியில் வாழ்கிறது. வெயில் காலத்தில் கழுத்திலும் தோளிலும் சிறு முடிச்சுகள் எழும்பும். முட்டையிடுவதற்காகப் பெண்புழு தோலைத் துளைக்க, இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து முடிமேல் வழியும். குளிர் வந்ததும் நின்றுவிடும். இரத்தம் குடிக்கும் ஈக்கள் இதைப் பரப்புகின்றன. எந்த இனக் குதிரை என்று புழு பார்ப்பதில்லை. ஆகவே இரத்த வியர்வையைச் சான்றாகக் காட்டி, ஃபெர்கானாக் குதிரைதான் அகால்-டெக்கே என்று எழுதுவது தவறு. இரு இடங்களுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது.

கேள்வி: அகால்-டெக்கே அரிதாகிப் போனது ஏன்?

பதில்: கூடாரத்தருகே கட்டி, கம்பளிப் போர்வை போர்த்தி, வாற்கோதுமையோடு ஆட்டுக்கொழுப்பும் கலந்து ஊட்டி வளர்த்த குதிரை அது. நீண்ட உடல், மெல்லிய தோல், நிமிர்ந்த கழுத்து, சொற்பமான பிடரி மயிர் எல்லாமே வறட்சியிலும் நெடுந்தூர ஓட்டத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சோவியத் கூட்டுப்பண்ணைகள் வந்தபின் குதிரைகள் குடும்பங்களின் கையைவிட்டுப் போயின; அதனால் இனமும் அருகியது. ஆனாலும் 1935-இல் துர்க்மென் வீரர்கள் அஷ்காபாத்திலிருந்து மாஸ்கோவரை சுமார் 4,300 கிலோமீட்டரை 84 நாட்களில் குதிரைமீது கடந்து இவற்றின் திறனைக் காட்டினார்கள். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் அப்சென்ட் என்ற கறுப்பு அகால்-டெக்கே, செர்கேய் ஃபிலாத்தோவ் ஏறிச் செலுத்த, டிரெசாஜ் எனப்படும் குதிரை நடைப்போட்டியில் தங்கம் வென்றது. இன்று துர்க்மெனிஸ்தானின் அரசுச் சின்னத்தின் நடுவில் இருப்பதும் அகால்-டெக்கேதான்.

கேள்வி: நெடுந்தீவில் திரியும் குதிரைகளும் தனி இனமா?

பதில்: வம்சாவளிப் பதிவேடு வைத்துக் காக்கப்பட்ட இனம் அல்ல. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள அந்தத் தீவில் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் அவை. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். அந்த லாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். வளர்ப்பு நின்றபின் குதிரைகள் கட்டவிழ்ந்து திரியத் தொடங்கின. கோடையில் நல்ல தண்ணீர் வற்றும்போது அவை மடிகின்றன. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக அவற்றைத் தாகத்துக்கு விட்டுவிடலாகாது. அங்கே முதலில் வேண்டியது வறட்சியிலும் நிறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டிகள்.