டார்ச் லைட் லித்தியம் செல்: அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பயிர் செய்யும் சிறு விவசாயிக்கு இரவு வேலை புதிதல்ல. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் நாட்களில் மோட்டாரைப் போட்டு மடை திருப்ப வேண்டும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். திருமானூர்ப் பகுதியில் நெல் வயல் வரப்பு, ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகளில் சருகு மூடிய முந்திரித் தோப்பு என்று எங்கு நடந்தாலும் காலடியில் வெளிச்சம் தேவை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது கடித்தால் வலி கூட அதிகம் தெரிவதில்லை. ஆகவே டார்ச் லைட்டும் மண்வெட்டியைப் போல ஒரு பண்ணைக் கருவியே. அது பாதி வழியில் அணைந்து போனால் நேர்வது வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து.

முன்பு இரண்டு கட்டை, மூன்று கட்டை டார்ச்சுகள் வழக்கில் இருந்தன. கட்டை தீர்ந்தால் புதிது வாங்கிப் போட வேண்டும். இப்போது மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் அயனி செல் கொண்ட எல்.இ.டி. டார்ச்சுகளும், தலையில் கட்டும் லைட்டுகளும் கிராமச் சந்தை வரை வந்துவிட்டன. இவ்வகை செல் 1991-ம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எடை குறைவு, சக்தி அதிகம், பல நூறு முறை சார்ஜ் செய்யலாம் என்பன இதன் நன்மைகள். ஆனால் சந்தையில் கிடைக்கும் செல்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. மேலுறையில் அச்சிட்ட எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பல சமயம் சம்பந்தமே இருப்பதில்லை.

விதைப் பையில் முளைப்புத் திறன் இத்தனை சதம் என்று அச்சிட்டிருந்தாலும், 100 விதைகளை ஈரச் சாக்கில் வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல விவசாயியின் வழக்கம். டார்ச் செல்லையும் அவ்வாறே சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

வோல்ட் வேறு, கொள்ளளவு வேறு

பெரும்பாலான சக்தி வாய்ந்த டார்ச்சுகளில் 18650 என்ற அளவுள்ள செல் பொருத்தப்படுகிறது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே இந்த எண்ணின் பொருள். இதன் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். முழுவதும் சார்ஜ் ஆனபோது 4.2 வோல்ட் காட்டும்.

வோல்ட் என்பது கிணற்றில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் போன்றது. கொள்ளளவு என்பது கிணற்றில் உள்ள மொத்தத் தண்ணீரைப் போன்றது. குறுகிய கிணற்றிலும் அகன்ற கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கலாம். மோட்டாரைப் போட்ட பிறகுதான் எது சீக்கிரம் வற்றுகிறது என்று தெரியும். அதுபோலவே போலி செல்லும் நல்ல செல்லும் சார்ஜ் ஆனவுடன் 4.2 வோல்ட்டே காட்டும். எரியவிட்ட பிறகுதான் வேறுபாடு புலப்படும்.

கொள்ளளவை மில்லி ஆம்பியர் மணி என்ற அலகில் குறிப்பார்கள். 18650 அளவில் நல்ல செல்கள் பொதுவாக 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளும். அந்தச் சிறிய கூட்டுக்குள் அடைக்கக்கூடிய சரக்குக்கு எல்லை உண்டு. ஆகவே 18650 செல்லின் மேல் 6,000 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால், அந்த எண் பொய் என்று சோதனை இல்லாமலே முடிவு கட்டலாம். படி அளவுள்ள பாத்திரத்தில் மரக்கால் நெல் இருப்பதாகச் சொல்வது போன்றது அது.

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறக்கப்பட்ட அந்நிறுவனம் லித்தியம் பாட்டரி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு வருகிறது. இத்தகைய ஆய்வுக்கூடங்களில் செல்லை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, பிறகு ஒரே சீரான மின்னோட்டத்தில் வடியவிடுவார்கள். அழுத்தம் ஒரு குறித்த அடிமட்டத்துக்கு இறங்கும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிடுவார்கள். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 500 மில்லி ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் தந்தால் அந்தச் செல்லின் கொள்ளளவு 2,500. இதே தத்துவத்தைக் கொண்டு வீட்டிலும் சோதிக்கலாம். தேவையானவை ஒரு தராசு, ஒரு கடிகாரம், ஒரு மல்டிமீட்டர்.

வீட்டில் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

1. கண் சோதனை: உறை கிழிந்தது, நசுங்கியது, உப்பியது, துருப் பிடித்தது, ஈரக்கசிவு அல்லது இனிப்பு கலந்த ரசாயன வாடை உள்ளது ஆகிய செல்களை உடனே ஒதுக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற தரக்குறியும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பார்த்து வாங்குவது நலம்.

2. எடைச் சோதனை: நல்ல 18650 செல் ஏறத்தாழ 43 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும். நகைக் கடையிலோ மளிகைக் கடையிலோ உள்ள மின்னணுத் தராசில் நிறுத்தால் போதும். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் உள்ளே சரக்குக் குறைவு என்று கொள்ளலாம். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே செல் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது. வெறும் தூளை அடைத்து எடை காட்டும் மோசடியும் உண்டு.

3. வோல்ட் சோதனை: மல்டிமீட்டரை நேர் மின்சாரம் 20 வோல்ட் என்ற நிலையில் வைத்து அளக்க வேண்டும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப் போன செல்லை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜ் முடிந்தவுடன் 4.15 முதல் 4.2 வரை இருப்பது சரி. 4.25-க்கு மேல் போனால் சார்ஜர் பழுது. அதை அன்றே நிறுத்த வேண்டும். சார்ஜ் ஆன செல்லை ஒரு நாள் சும்மா வைத்து மறுநாள் அளக்க வேண்டும். 4.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், அது கசியும் தொட்டி போல உள்ளுக்குள்ளேயே சக்தியை இழக்கும் செல். ஒதுக்கிவிடுக.

4. சார்ஜ் நேரச் சோதனை: சார்ஜரின் மேல் அதன் மின்னோட்டம் எழுதியிருக்கும். வடிந்த செல்லை 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டு 2 மணி நேரத்தில் நிரம்பிவிட்டால், உள்ளே போனது 2,000 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் இருக்க முடியாது. ஊற்றாத தண்ணீர் குடத்தில் இராது.

5. எரியும் நேரச் சோதனை: இதுவே முக்கியமானது. முழுவதும் சார்ஜ் ஆன செல்லை டார்ச்சில் போட்டு, நடுத்தர வெளிச்சத்தில், ஆள் அருகில் இருக்கும்போதே எரியவிட வேண்டும். மிக அதிக வெளிச்சத்தில் நெடுநேரம் விட்டால் டார்ச் சூடாகிவிடும். அரை மணிக்கு ஒரு முறை செல்லை எடுத்து வோல்ட் பார்க்க வேண்டும். 3.2 வோல்ட் வந்தவுடன் நிறுத்தி நேரத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். டார்ச் எடுக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர் என்றால், நாலரை மணி நேரம் எரிந்த செல்லின் கொள்ளளவு சுமார் 2,250. மேலுறையில் உள்ள 9,900 உண்மையானால் அது ஏறக்குறைய 20 மணி நேரம் எரிய வேண்டும். செல் வடிய வடிய சில டார்ச்சுகளில் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். ஆதலால் இது தோராயக் கணக்கே. எனினும் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இது போதும்.

டார்ச் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று தெரியாவிட்டால், ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடம் ஒரு முறை அளந்து எழுதி வாங்கிக் கொள்ளலாம். மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டு செல்லின் இரு முனைகளிலும் நேராக வைக்கவே கூடாது. அது செல்லை ஷார்ட் செய்வதாகும். கையும் சுடும், செல்லும் வெடிக்கலாம்.

காவலுக்கு எத்தனை செல் வேண்டும்?

வேப்பந்தட்டைப் பகுதியில் மக்காச்சோளக் காவலுக்குப் போகும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். 10 வாட் டார்ச் அதிக வெளிச்சத்தில் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். பன்றியை விரட்ட அந்த வெளிச்சத்தை இரவு முழுவதும் சேர்த்து 20 நிமிடம் பயன்படுத்தினால் 1,000 மில்லி ஆம்பியர் மணி செலவாகும். நடக்கவும் உட்காரவும் குறைந்த வெளிச்சத்தில் 150 மில்லி ஆம்பியர் வீதம் 8 மணி நேரத்துக்கு 1,200 செலவாகும். மொத்தம் 2,200. சோதித்து 2,500 உண்டு என்று தெரிந்த செல் ஒன்று இந்த இரவைத் தாங்கும். 9,900 என்று அச்சிட்டு உள்ளே 900 மட்டுமே இருக்கும் செல், முதல் முறை பன்றியை விரட்டும்போதே வயலின் நடுவில் கைவிட்டுவிடும். சோதித்த செல் ஒன்றைக் கூடுதலாக மடியில் வைத்துக்கொள்வது எப்போதும் நலம். ஆனால் அதைச் சாவி, சில்லறைக் காசுடன் சேர்த்து வைக்கக் கூடாது. சிறிய பிளாஸ்டிக் டப்பியில் தனியே வைக்க வேண்டும்.

டார்ச் உறையில் உள்ள வாட் எண்ணையும் இதே கணக்கில் சோதிக்கலாம். 3,000 கொள்ளளவுள்ள ஒரு செல்லின் மொத்தச் சக்தி சுமார் 11 வாட் மணி. ஒரு செல் டார்ச்சில் 1,000 வாட் என்று எழுதியிருந்தால் அது வெறும் அலங்கார எழுத்தே.

ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு செல் போடும் டார்ச்சில் இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ் உள்ளவையாக இருக்க வேண்டும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டக் கூடாது. இளைத்த செல் முதலில் தீர்ந்ததும், மற்றது அதை வலிந்து இழுத்துச் சூடாக்கிவிடும். பழைய 1.5 வோல்ட் கட்டை போடும் டார்ச்சில், அளவு பொருந்துகிறது என்பதற்காக லித்தியம் செல் போடுவதும் தவறு. அழுத்தம் இரு மடங்குக்கு மேல் ஏறிப் பல்பு எரிந்துவிடும்.

சார்ஜ் செய்யும்போது கவனம்

இம்மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் பருத்தியை வீட்டுக்குள்ளேயே குவித்து வைப்பது வழக்கம். வைக்கோல் போர், மக்காச்சோளத் தட்டை, கூரைக் கொட்டகை ஆகியவையும் அருகில் இருக்கும். பழுதான லித்தியம் செல் தீப்பிடித்தால் மிக வேகமாக, நச்சுப் புகையுடன் எரியும். ஒரு டார்ச் செல்லால் ஒரு பருவத்து வெள்ளாமையே போய்விடக்கூடும்.

எனவே, எரியும் பொருள் எதுவும் இல்லாத சிமெண்டுத் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். படுக்கை, தலையணை, பருத்திக் குவியல் அருகில் கூடாது. இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும், வயலுக்குப் போய்விடுவதும் கூடாது. கோடை நண்பகலைத் தவிர்த்து, காலை அல்லது மாலையில் நிழலில் சார்ஜ் செய்ய வேண்டும். ஈய அமில பாட்டரி சார்ஜரில் லித்தியம் செல்லைப் போடக் கூடாது. தொட முடியாத அளவு சூடானாலோ, உப்பினாலோ உடனே மெயின் சுவிட்சை அணைத்து விலக வேண்டும். தீப்பிடித்தால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, புகையைச் சுவாசிக்காமல் எட்ட நின்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும்.

கணக்கு எழுதி வைத்தல்

ஒவ்வொரு செல்லின் மேலும் வாங்கிய மாதத்தையும் ஒரு வரிசை எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எரியும் நேரத்தைச் சோதித்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். நல்ல செல்லும் பொதுவாக 300 முதல் 500 முறை சார்ஜ் ஆனபின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். முதலில் 5 மணி நேரம் எரிந்தது 4 மணி நேரமாகக் குறைந்தால், அதை வீட்டு உபயோகத்துக்கு மாற்றிவிட்டு வயலுக்கு வேறு செல் எடுத்துக்கொள்ளலாம். பருவம் முடிந்து டார்ச்சை எடுத்து வைக்கும்போது செல்லைப் பாதி சார்ஜில், அதாவது 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், வெயில் படாத இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

கழித்த செல்லைக் குப்பையோடு எரிப்பதும், கிணற்றிலோ ஏரியிலோ எறிவதும் தவறு. பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி, பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. ஆகவே முனைகளில் டேப் ஒட்டி, விற்ற கடையிலோ சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தனித்தனியே வாங்க இயலாதவர்கள் பத்துப் பேர் சேர்ந்து உழவர் மன்றத்துக்கு ஒரு மீட்டரும் ஒரு சிறு தராசும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சந்தையில் புதுச் செல் வாங்கும் விவசாயி, அன்றிரவே அதை நம்பி வயலுக்குப் போகாமல், முதலில் ஒரு மாலைப் பொழுது வீட்டுத் திண்ணையில் எரியவிட்டுப் பார்க்கட்டும். திண்ணையில் அணையும் டார்ச்சால் நஷ்டம் செல்லின் விலை மட்டுமே.