சளிக்காலக் கஷாயம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது முதல் மார்கழிப் பனி விலகும் வரை, நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் சளியும் இருமலும் காய்ச்சலும் பரவுவதும், தோட்டத்து ஆடாதொடையும் கற்பூரவல்லியும் துளசியும் அடுப்பேறுவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. இவ்வழக்கத்தில் மூடத்தனம் ஏதுமில்லை. ஆயினும் மழையில் நனைவதே சளிக்குக் காரணம் என்பதும், கஷாயம் கிருமியைக் கொன்றுவிடும் என்பதும் திருத்தப்பட வேண்டிய நம்பிக்கைகளாகும். சாதாரணச் சளியைப் பெரும்பாலும் ரைனோ வைரஸ் வகைகளும், ஃப்ளூ எனப்படும் கடுங்காய்ச்சலை இன்ஃபுளுவென்சா வைரஸும் உண்டாக்குகின்றன; மழைக்காலத்தில் கதவடைத்த அறைகளில் மக்கள் நெருங்கியிருப்பது அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற வழி செய்கிறது. சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் தானாகவே தணிந்துவிடுவதால், மூன்றாம் நாள் குடிக்கத் தொடங்கிய கஷாயத்திற்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது.

இதைக் கொண்டு மூலிகைகளால் பயனே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. அருகிலுள்ள வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகியவற்றை அன்றாட ஒழுக்கத்தின் பகுதியாகவே வலியுறுத்தியதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். வேலியோரம் வளரும் ஆடாதொடையின் இலையில் வாசிசின் என்னும் ஆல்கலாய்டு, அதாவது தாவரங்களில் இயற்கையாக உருவாகும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள், உள்ளது. அதன் அமைப்பை அடியொற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. மருந்துக்கடைகளில் விற்கும் இருமல் சிரப்புகள் சிலவற்றில் அது இன்றும் சேர்கிறது. அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பும் உண்டு என்பதால், கர்ப்பிணிகள் ஆடாதொடைக் கஷாயத்தைத் தவிர்க்க வேண்டும். மூலிகை என்பதால் பக்கவிளைவே இராது என்னும் நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது. இருமலைத் தணிக்கும் ஆற்றலுள்ள ஒரு பொருள் உடலின் வேறோர் உறுப்பில் வேலை செய்யாமல் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீர் டெங்கு பரவிய 2012-லும், பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் கொரோனா பரவிய 2020-லும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. அப்போது முதல், கெட்டியாகவும் அடிக்கடியும் குடித்தால் பலன் கூடும் என்னும் எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஏறத்தாழ 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரிலிட்டு, சிறுதீயில் நான்கில் ஒரு பங்காக, அதாவது 60 மில்லியாக வற்றும் வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, அவ்வப்போது புதிதாகக் குடிப்பதே முறை. காலையில் காய்ச்சியதை மறுநாளுக்கு வைத்துச் சூடாக்குவது முறையன்று. நிலவேம்பு இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. ஆகவே அவற்றுக்கு மாத்திரை எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடரலாகாது.

ஆவி பிடித்தல் வைரஸைக் கொல்லும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெந்நீராவி மூக்கடைப்பைச் சற்று இளக்கி ஆறுதல் தரலாமேயன்றி, உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்துவிட்ட வைரஸை அது அழிப்பதில்லை. 2021 மே மாதத்தில் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகியபோது, தொற்றுப் பரவலைக் கருதி அதைத் தவிர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வேண்டினார். வீட்டிலோ, போர்வைக்குள் குழந்தையை அமர்த்திக் கொதிநீர்ப் பாத்திரத்தை எதிரே வைப்பது தீப்புண்ணுக்கு நேர்வழியாகும். கற்பூரமோ நீலகிரித் தைலமோ சிறு அளவில் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம் என்பதால், அவற்றைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது அவசியம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் போட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும். ஒரு வயதைக் கடந்தவர்களுக்கு அதே தேன் இருமலைத் தணிக்க நல்ல துணை.

ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை அன்னாசிப்பூவிலிருந்து எடுத்த ஷிகிமிக் அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்த அமிலம் பல வேதிமாற்றங்களைக் கடந்த பின்னரே மருந்தாகிறது என்பதால், அன்னாசிப்பூத் தண்ணீர் அம்மாத்திரைக்கு ஈடாகாது. நோய் தொடங்கி 48 மணி நேரத்திற்குள் எடுத்தால் அம்மருந்து அதிகப் பயன் தரும். முதியோரும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளோரும் கஷாயத்தை நம்பி அந்நேரத்தைக் கடத்துவதே உண்மையான ஆபத்து.

சுரங்கத் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும் காற்றில் கலக்கும் ஊரில் எல்லா இருமலையும் சளி என்று கொள்வதும் பிழையே. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தாலோ கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் உள்ளதா என்று அறியச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.